பாப்பாவின் பைபேப் மாஸ்க்: நீண்ட நாள் பயன்படுத்திய பின்

பொள்ளாச்சிப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: "எங்க குட்டிக்கும் உங்க பாப்பாவுக்கு இருக்கறதுதான்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. மாஸ்க் போதுங்களா, தொண்டையில ஓட்டை போட்டே ஆகணுங்களா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

மாஸ்க் வழியாக நுரையீரலுக்குக் காற்றைத் தள்ளுகிற பைபேப் மெஷினில் குறையே இல்லை. பாப்பாவுக்கு இருக்கிற ஃபாக்ஸ்2பி (PHOX2B) மரபணுக் கோளாறில், மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளை சரியாக வராது. அப்படிப்பட்ட குழந்தை தூங்கினால் மூச்சு மேலோட்டமாகிவிடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் திணறாது, விழிக்காது. அதனால் ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதுகிற சிபேப் மெஷின் பத்தாது. குழந்தை இழுக்காவிட்டாலும் தானாகக் காற்றைத் தள்ளுகிற, பேக்கப் ரேட் உள்ள மெஷின்தான் வேண்டும். எங்களுடையது அதைத் தவறாமல் செய்கிறது. கொழிஞ்சாம்பாறையில் மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். அப்போதும் காற்றை ஈரமாக்குகிற ஹியூமிடிஃபையர் இருப்பதால் பாப்பாவின் மூக்கு காய்வதில்லை. கரண்ட் போனால் பேட்டரி, அப்புறம் இன்வர்ட்டர்.

என் கோபமெல்லாம் மாஸ்க் மேல்தான். இத்தனை விலை கொடுத்து வாங்குகிற சிலிக்கோன் துண்டு, பச்சைக் குழந்தையின் மூக்குத்தண்டில் ஏன் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது? கொஞ்சம் தளர்ந்தால் காற்று கண்ணுக்குள் அடித்துக் கண் சிவக்கிறது. இறுக்கினால் மூக்குத்தண்டில் சிவந்த தடம். இன்னும் இறுக்கினால் குஷன் நசுங்கி, காற்று முன்பைவிட அதிகமாகக் கசிகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்று கேட்கவே வேண்டாம், முகத்தில் நிற்காமல் வழுக்கும். வெல்க்ரோ பட்டையில் தலைமுடியும் எண்ணெயும் சேர்ந்து பிடிப்பு போய்விடுகிறது. பெரிய சைஸ் உடனே கிடைக்கும், சின்னக் குழந்தை சைஸுக்குக் காத்திருக்க வேண்டும். வளர்கிற முகம் காத்திருக்குமா? இரவெல்லாம் அழுத்தினால் முகத்தின் நடுப்பகுதி எலும்பு வளராமல் தட்டையாகலாம். அதனால் பல் டாக்டரும் அவ்வப்போது பார்க்கிறார்.

போர்வை விஷயத்தில் கவனம். மாஸ்க்கில் மூச்சு வெளியேறும் சின்னத் துளைகளை அது மூடினால், விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும். ஆக்சிமீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் எண் நன்றாகவே காட்டும், கார்பன் டை ஆக்சைடு ஏறுவது அதில் தெரியாது.

நுரையீரல் மருத்துவ அமைப்பான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி இந்த நோய் பற்றி வெளியிட்ட 2010 அறிக்கை, முதல் சில வருடங்களுக்கு ட்ரக்கியாஸ்டமி, அதாவது தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிற வழியைத்தான் பரிந்துரைக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. விழித்திருக்கும்போதும் மூச்சு குறைகிற குழந்தைக்கு மாஸ்க்கை நினைக்கவே வேண்டாம். நாள் முழுக்க முகத்தில் கட்டிவைக்க முடியாது.

சரி, மார்க் போடச் சொன்னால் மாஸ்க்குக்கு ஐந்துக்கு இரண்டு. ஆனாலும் எங்கள் டாக்டர் மாஸ்க்குக்குச் சம்மதிக்கிற காலம்வரை இதை விட மாட்டேன். கழற்றியதும் பாப்பா "ங்கா" என்று கத்துகிற சத்தம் வாசல்வரை கேட்கிறது. தொண்டையில் ஓட்டை போட்டால் அந்தக் குரல் அடங்கிவிடலாம். அந்தக் குரலுக்காக இன்னும் எத்தனை வெல்க்ரோ வேண்டுமானாலும் வாங்குவேன்.

அக்கா, விழித்திருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் மாஸ்க் என்று சொன்னால், வேறு வேறு வடிவத்தில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றாவது மூக்குத்தண்டில் அழுத்தாததாக இருக்கட்டும்.