நான்காவது கட்டுரையில் மாறும் கணக்கு: அப்வொர்க்கா, ஃபைவரா?

ஆங்கிலத்தில் நன்றாக எழுதத் தெரிந்த இளைஞர்கள் அப்வொர்க், ஃபைவர் போன்ற, ஃபிரீலான்ஸ் வேலை தேடித் தரும் இணையத் தளங்களைப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் தளம் குறைவாகக் கமிஷன் எடுக்கிறது?" என்பதுதான். விடை எளிது. ஃபைவர் நூற்றுக்கு இருபது எடுக்கிறது. அப்வொர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 விழுக்காடு வரை, வேலைக்கு வேலை மாறும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் ஒரே சீராகப் பத்து. ஃபிரீலான்சர்.காமில் நிலையான தொகைக்கு எடுக்கும் வேலை என்றால் பத்து விழுக்காடு அல்லது 5 டாலர், இரண்டில் எது அதிகமோ அது.

இந்த எண்களை மட்டும் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்றே மாதத்தில் மனம் வெறுத்து ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். கமிஷன் என்பது வேலை கிடைத்த பிறகு போகும் பணம். வேலை தேடும்போதே கையிலிருந்து போகும் பணம் ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரை, கூலி 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஃபைவரில் 10 டாலர் போய் 40 டாலர் கைக்கு வரும். அப்வொர்க்கில் பத்து விழுக்காடு என்று கொண்டால் 45 டாலர். ஆனால் அப்வொர்க்கில் விண்ணப்பிப்பதற்கே 'கனெக்ட்ஸ்' என்ற வில்லைகள் வேண்டும். ஒன்றின் விலை 15 சென்ட். ஒரு வேலைக்குப் பன்னிரண்டு கனெக்ட்ஸ் என்று வைத்தால், பத்து இடங்களில் விண்ணப்பித்து ஒன்று கிடைப்பதற்குள் 18 டாலர் செலவாகிவிடும். வேறொருவர் தேர்வாகிவிட்டால் நாம் செலுத்திய கனெக்ட்ஸ் திரும்பி வராது. ஆக, 45 டாலரில் மிஞ்சுவது 27 டாலர்தான்.

அதே வாடிக்கையாளர் மீண்டும் அழைத்தால் கதை மாறுகிறது. அடுத்த கட்டுரைக்குக் கனெக்ட்ஸ் தேவையில்லை. மூன்று கட்டுரைகள் முடிந்த நிலையில் அப்வொர்க்கில் மொத்த வரவு 117 டாலர், ஃபைவரில் 120. நான்காவது கட்டுரையில் அப்வொர்க் 162, ஃபைவர் 160. அங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் எழுத்து, ஒருவர் ஒருமுறை வாங்கிவிட்டுப் போகும் வகையா, மாதந்தோறும் தேவைப்படும் வகையா?

ஒரு நிறுவனத்தின் வலைப்பதிவு, வாராந்தர மின்னஞ்சல் மடல், மென்பொருள் விளக்கக் குறிப்பு ஆகியவை மாதந்தோறும் தேவைப்படுபவை. இவற்றுக்கு அப்வொர்க்தான் சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கைத் தவிர அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நாமும் வாடிக்கையாளரை எடைபோட முடிகிறது. அவர் இதுவரை எவ்வளவு பணம் செலவழித்திருக்கிறார், அறிவித்த வேலைகளில் எத்தனைக்கு ஆள் எடுத்தார், பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, முன்பு வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்முன்னே இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைப் படிப்பதே இல்லை. ஒரே விண்ணப்பத்தை நாற்பது இடங்களில் ஒட்டிவிட்டுக் கனெக்ட்ஸ் தீர்ந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம் போதும். ஒவ்வொன்றிலும் அந்த வாடிக்கையாளரின் சொந்த வலைத்தளத்தைப் படித்ததற்கு அடையாளமாக ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஃபைவரின் இயல்பு வேறு. 2010-இல் இஸ்ரேலில் தொடங்கியபோது எந்த வேலையானாலும் 5 டாலர்தான். பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்று விலையை நாமே வைக்கலாம். 'கிக்' என்ற பெயரில் நம் சரக்கை அடுக்கி, கடை விரித்துக் காத்திருக்க வேண்டும். தேடிப் போக வேண்டியதில்லை, முன்பணம் எதுவும் போகாது. ஆனால் முதல் சில மதிப்புரைகள் விழும்வரை கடைப் பக்கம் ஆள் எட்டிப் பார்ப்பது அரிது. அந்தக் காத்திருப்பைத் தாங்கும் வருமானம் வேறு வழியில் இருந்தால்தான் ஃபைவர் சரிப்படும்.

தமிழில் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு மட்டும் நான் ஃபைவரை முதலில் சொல்வேன். ஆங்கிலக் கட்டுரைக்கான கிக்குகளின் நெரிசல் மூச்சுமுட்டும். தமிழ் மொழிபெயர்ப்பு, தமிழ்த் துணைத்தலைப்பு என்று தேடினால் வரிசை சிறிது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. கனடாவிலும் பிரிட்டனிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அறிவிப்பு, அழைப்பிதழ், சிறு கையேடு ஆகியவற்றுக்கு ஒருமுறை மட்டும் ஆள் தேடுகிறவர்கள், விலை எழுதி வைத்த கடையைத்தான் நாடுவார்கள்.

பணம் கைக்கு வரும் நாளையும் பார்க்க வேண்டும். வாடகை கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஃபைவரில் வேலையை ஒப்படைத்து, வாங்கியவர் மூன்று நாட்கள் பேசாமல் இருந்தால் ஆர்டர் தானாக முடிந்ததாகும். அதன்பின் பெரும்பாலோருக்குப் பதினான்கு நாள் காத்திருப்பு. அப்வொர்க்கில் நிலையான தொகை வேலை என்றால் வாடிக்கையாளரின் பணம் முன்கூட்டியே, தளத்தின் பொறுப்பில் இருக்கும் பிணைக் கணக்கில் வைக்கப்படும். வாடிக்கையாளர் பதினான்கு நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் தானாக விடுவிக்கப்படும், பிறகு ஐந்து நாள். அவர் உடனே ஒப்புதல் கொடுத்தால் அந்த ஐந்து நாள் மட்டும்தான். பணம் வைக்கப்பட்டதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதத் தொடங்காதீர்கள்.

எழுதி முடித்த பிறகும் கூலி கைநழுவலாம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஒரு வாடிக்கையாளர் நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரையை ஏதோ ஒரு சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்து, இயந்திரம் எழுதியது என்று சொல்லிக் கூலியை மறுத்தார். என் சொந்த எழுத்து அது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அன்றைய வலி இன்னும் இருக்கிறது. அதன்பிறகு எல்லாவற்றையும் கூகுள் டாக்ஸில்தான் எழுதுகிறேன். திருத்த வரலாறு நிமிடக் கணக்கில் அங்கே பதிவாகிவிடுகிறது. நீண்ட வேலை என்றால் அப்வொர்க்கின் மணிக்கூலி முறையைக் கேட்கிறேன். அதில் வேலை நேரத்தைப் பதிவுசெய்ய, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம்பிடிக்கும் செயலி முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது அதை எனக்கான சாட்சியாகவே பார்க்கிறேன்.

ஃபிரீலான்சர்.காமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கட்டணம், வேலையை ஏற்றுக்கொண்ட கணமே கழிக்கப்படுகிறது. கூலி வருவதற்கு முன்பே. 20 டாலர் வேலைக்கு 5 டாலர் என்றால் அது கால் பங்கு. பலர் எழுதி அனுப்ப ஒருவர் மட்டும் பரிசு பெறும் போட்டிகளும் அங்கே உண்டு. உழைப்பைக் கொடுத்துவிட்டுச் சீட்டு குலுக்குவது போன்ற அந்த ஏற்பாட்டை, எழுதிப் பிழைக்க நினைக்கும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தத் தளமானாலும், "டெலிகிராமுக்கு வாருங்கள்" என்று அழைப்பவரிடம் உரையாடலை அங்கேயே முடித்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் கேட்டால் அது வேலையே இல்லை. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று முன்பணம் வாங்கி, பிறகு பிழைகளைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் கூட்டம் நம் ஊர்களில் எத்தனை குடும்பங்களை அழவைத்திருக்கிறது! அதே கை வேறு உறை போட்டு வருகிறது.

இன்று தொடங்குகிறவர் என்றால், ஃபைவரில் தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு கிக் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். அப்வொர்க்கில் கனெக்ட்ஸுக்கென்று 20 டாலரை ஒதுக்கி, மாதத்துக்கு இரண்டு கட்டுரையாவது வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். அந்த 20 டாலர் தீரும்வரை ஒரு வேலையும் கிடைக்கவில்லை என்றால் மேலும் பணம் போடாமல் நிறுத்தி, மாதிரிக் கட்டுரைகளைத் திருத்தி எழுதுங்கள்.