எஸ்.வி.டி. படபடப்பு: மாத்திரையோடு காலம் தள்ளுவதா, அப்லேஷன் செய்துகொள்வதா?

பதற்றத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் படபடப்பு வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சட்டென்று நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை துடிப்பு எகிறி, அதே மாதிரி சட்டென்று நிற்பது வேறு. இரண்டாவதுக்குத்தான் எஸ்.வி.டி. என்று பெயர். இதயத்தில் மின்னோட்டம் போக ஒரு கூடுதல் பாதை இருந்து, அதில் சுற்றிச் சுற்றி வருவதே பெரும்பாலும் காரணம். அந்தப் பாதையைச் சுட்டு அடைப்பதுதான் அப்லேஷன்.

எந்த வழிக்குப் போவதானாலும் முதலில் வேண்டியது, படபடப்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்த இ.சி.ஜி.தான். படபடப்பு நின்ற பிறகு எடுத்தால் பெரும்பாலும் நார்மல் என்றே வரும். "உனக்கு ஒண்ணுமில்ல, பயம்தான்" என்று பலர் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். இ.சி.ஜி. வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போய் எடுங்கள். அந்தத் தாளை போனில் படம் பிடித்து வையுங்கள், நாளாக நாளாக மை மங்கிவிடும்.

வந்த படபடப்பை நிறுத்த மருந்தில்லாத வழி ஒன்று உண்டு. 45 டிகிரி சாய்ந்து உட்கார்ந்து, ஊசி கழற்றிய 10 மி.லி. சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு லேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். ஊதி முடித்த கணமே மல்லாந்து படுக்க, கூட இருப்பவர் இரண்டு காலையும் 45 டிகிரி தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், கால் தூக்காமல் செய்தபோது 17 சதவீதம் பேருக்கும் தூக்கிச் செய்தபோது 43 சதவீதம் பேருக்கும் துடிப்பு சரியானது. ஐந்து விநாடியில் ஊதுவதை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. உங்களுக்கு இது ஏற்றதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் இதில் நேரம் போக்காமல் 108ஐ அழையுங்கள்.

மெட்டோப்ரோலால், வெரபமில் போன்ற மாத்திரைகள் படபடப்பு வரும் தடவைகளைக் குறைக்கும், பாதையை மூடாது. முதலாவதில் அசதி, கைகால் சில்லிடுதல் வரலாம், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாமல் போகலாம். இரண்டாவதில் மலச்சிக்கலும் கணுக்கால் வீக்கமும் வரலாம். இரண்டையும் நீங்களாகச் சேர்த்துச் சாப்பிட்டால் நாடி அபாயமாக இறங்கிவிடும். மாம்பழ சீசனில் இரவெல்லாம் லோடு ஏற்றுகிறவர் ஒரு வேளையைத் தவறவிடுவது சகஜம், அப்போது படபடப்பு திரும்பிவிடுகிறது. சாதாரண நேர இ.சி.ஜி.யிலேயே கூடுதல் பாதை தெரிகிற டபிள்யூ.பி.டபிள்யூ. வகைக்காரர்களுக்கு வெரபமில் ஆபத்தாகலாம். அவர்கள் அப்லேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்லேஷனுக்கு நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மூன்று நான்கு மெல்லிய வயர்களை இதயத்துக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. நடுவில் படபடப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். முன்பே சொல்லி வைக்காவிட்டால் அதிகம் கலங்கவைப்பது இந்தக் கட்டம்தான். தவறான பாதை எதுவென்று கண்டுபிடிக்கத்தான் இது, நிறுத்தும் கருவியும் மருத்துவர் கையிலேயே இருக்கிறது. சுடும்போது நெஞ்சில் சூடோ லேசான வலியோ தெரியலாம். பயம் அதிகமென்றால் தூக்க மருந்து கேளுங்கள், அது கேட்கத் தகுந்த கேள்விதான்.

சாதாரண எஸ்.வி.டி.யில் நூற்றில் 95 பேர் அளவுக்குக் குணமாகிறது. பக்கத்திலுள்ள நல்ல பாதையும் சுடப்பட்டு, பேஸ்மேக்கர் வைக்க நேரும் அபாயம் நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. சுடுவதற்குப் பதில் உறையவைக்கும் கிரையோ முறையில், முதலில் மிதமாகக் குளிரவைத்துப் பார்த்து, நல்ல பாதை தடுமாறினால் உடனே விட்டுவிடலாம். அதனால் பேஸ்மேக்கர் அபாயம் இன்னும் குறைவு, ஆனால் படபடப்பு திரும்பி வருவது சற்று அதிகம்.

வருடத்துக்கு ஒருமுறை வந்து ஊதினாலே நிற்கிறதென்றால் அவசரமில்லை. அடிக்கடி வருகிறது, அல்லது அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப்பக்கம் இருந்து ஆஸ்பத்திரி எட்டவே வெகுநேரம் ஆகிறதென்றால் அப்லேஷனே மேல். கர்ப்பத்தில் படபடப்பு கூடலாம், மருந்துத் தேர்வும் சுருங்கும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கிட்டம். தர்மபுரிக்காரர்கள் சேலத்தில் விசாரித்துவிட்டு வேலூர், சென்னையையும் பார்க்கலாம். ஆஞ்சியோ செய்கிற எல்லா இடத்திலும் இதைச் செய்வதில்லை. "எலக்ட்ரோபிசியாலஜி டாக்டர் (இதய மின்னோட்டத்தைப் பார்க்கிற டாக்டர்) இருக்கிறாரா?" என்று போனிலேயே கேளுங்கள். மாநில எல்லை தாண்டுவதானால் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முடிந்ததும் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். இருமினால் தொடை இடுக்கைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் குடம், மூட்டை தூக்கக் கூடாது. அந்த இடம் வீங்கிக்கொண்டே போனாலோ ரத்தம் வந்தாலோ அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள். சில வாரங்களுக்கு ஒரு துடிப்பு விட்டுப்போவது போலவோ படபடப்பு ஆரம்பிக்கப்பார்த்து நிற்பது போலவோ தோன்றுவது சகஜம். பழையபடி தொடர்ந்து ஓடினால் மட்டும் மறுபடி இ.சி.ஜி. எடுங்கள்.