ரிக்குக்குள் இருக்கும் ஆன்டெனா டியூனர்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

எச்எஃப் ரிக், அதாவது ஹாம் ரேடியோக்காரர்கள் சிற்றலையில் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் கருவி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "உள்ளேயே டியூனர் இருக்கா?" ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருந்த வைக்கும் பகுதிதான் டியூனர். இருந்தால் நல்லதுதான். யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-891 போல டியூனர் இல்லாமல் வருகிற நல்ல ரிக்குகளும் உண்டு. ஆனாலும் வீட்டில் மேசை மேல் நிரந்தரமாக இருக்கப்போகிற ரிக் என்றால் உள் டியூனர் இருப்பதைத்தான் நான் எடுப்பேன். இத்தனை வருடம் தினமும் அதோடு புழங்கியதில், எந்த வேலையை அதனிடம் நம்பி விடலாம், எதை விடக் கூடாது என்று எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

பெரும்பாலான உள் டியூனர்களின் எல்லை 3:1 எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் விகிதம்; 1:1 என்றால் முழுப் பொருத்தம்). அதாவது ரிக்கின் சாக்கெட்டில் தெரியும் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) சுமார் 16.7 ஓமிலிருந்து 150 ஓம் வரை இருந்தால், டியூனர் அதை ரிக் எதிர்பார்க்கும் 50 ஓமுக்குக் கொண்டுவந்துவிடும். உள்ளே இருப்பது வரிசையாகச் சில காயில்கள், சில கப்பாசிட்டர்கள், அவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கும் ரிலேக்கள். பழைய ரிக்குகள் சிலவற்றில் ரிலேக்கு பதில் மோட்டார் வைத்துக் கப்பாசிட்டரையே சுழற்றுவார்கள். மெதுவாக இருந்தாலும் அந்த வேலை அழகு.

டியூனரே இல்லாமல் 3:1-இல் அனுப்பினால் என்ன ஆகும்? 25 சதவீத பவர் திரும்பி வரும். ரிக் தன் ஃபைனல் டிரான்சிஸ்டர்களை (பவரை வெளியே தள்ளும் கடைசிக் கட்டம்) காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே பவரைக் குறைத்துவிடும். உள் டியூனர் வைத்திருப்பதே முக்கியமாக இதற்காகத்தான்: ரிக்குக்கு 50 ஓம் காட்டி, முழு பவரையும் வெளியே விட வைப்பது.

இந்த எல்லைக்குள் அது தங்கம். 80 மீட்டர் பேண்டையே (அந்த அலைநீளத்தை ஒட்டிய அலைவரிசைகள்) எடுத்துக்கொள்ளுங்கள். 3.65 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல் (நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பி ஆன்டெனா), பேண்டின் இரு ஓரங்களிலும் 2:1-ஐத் தாண்டிவிடும். பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். அப்புறம் 40 மீட்டர் டைபோலை 15 மீட்டரில் ஓட்டுவது. மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு அதிர்வெண்) என்பதால் கம்பி கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஆனால் ஒத்திசைவு பேண்டுக்குச் சற்று மேலே போய் நிற்கும். அந்தச் சின்ன இடைவெளியை உள் டியூனர் சுலபமாகச் சமாளிக்கிறது. 15 மீட்டரில் நான் வெகு காலமாக இருப்பது இந்த ஒரே கம்பியை நம்பித்தான்.

அதே கம்பியை 20 மீட்டரில் போட்டால் கதை வேறு. நடுவில் ஃபீட் செய்த கம்பி அங்கே முழு அலை நீளம் ஆகிவிடும், இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓமுக்குப் போகும். டியூனர் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். ஐகாம் ஐசி-7300-இல் 'எமர்ஜென்சி' என்று ஒரு டியூனர் அமைப்பு உண்டு. பவரை 50 வாட்டுக்குக் கட்டுப்படுத்திக்கொண்டு, இன்னும் மோசமான ஆன்டெனாவையும் ஏற்றுக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பெயரில் இருப்பது போல அவசரத்துக்கு மட்டும்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது கேபிளைப் பற்றி. டியூனர் ரிக்கின் பக்கம் இருக்கிறது. அதற்கு அப்பால், ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் உள்ள எஸ்டபிள்யூஆரை அது தொடுவதே இல்லை. 30 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிள், 28 மெகாஹெர்ட்ஸில் சுமார் 2.5 டெசிபெல் இழக்கும். ஆன்டெனா முனையில் எஸ்டபிள்யூஆர் 10:1 என்று வையுங்கள். போய்த் திரும்பும் வழியில் பவர் கரைவதால், ரிக்கின் பக்கம் அது 2.7:1 என்றுதான் தெரியும். 3:1-க்குள் இருக்கிறதே என்று டியூனரும் உடனே ஒப்புக்கொள்ளும், மீட்டர் 1:1 காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்த இழப்பு 6 டெசிபெலுக்கு மேல். 100 வாட்டில் கால் பங்கு கூட ஆன்டெனாவுக்குப் போய்ச் சேராது. மீதி கேபிளைச் சூடாக்குகிறது. எதையும் ஒலிபரப்பாமல் பவரை வெப்பமாக்கிவிடும் டம்மி லோடும் 1:1 காட்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மீட்டரைப் பார்த்து ஏமாற மாட்டோம்.

இன்னொரு விதத்திலும் டியூனர் எனக்கு உதவியிருக்கிறது. முன்பு டியூன் செய்த அமைப்புகளை ரிக் நினைவில் வைத்திருக்கும். அந்த இடத்துக்குத் திரும்பினால் ஒரே ஒரு 'டக்', வேலை முடிந்தது. ஒரு மழைக்காலத்தில், 40 மீட்டரில் எப்போதும் அப்படி முடிகிற டியூனர் திடீரென்று முழுத் தேடலில் இறங்கியது. ரிலேக்கள் சில நொடிகள் கடகடத்து ஓய்ந்தன, மீட்டரில் 1.2. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை, சத்தம்தான் உறுத்தியது. டியூனரை பைபாஸில் போட்டேன், அதாவது அதை வழியிலிருந்து விலக்கினேன். வழக்கமாக 1.4 இருக்கும் இடத்தில் 2.6. கயிற்றைத் தளர்த்தி ஆன்டெனாவை இறக்கி, பேலனில் (கேபிளும் கம்பியும் சேரும் இடத்தில் உள்ள பகுதி) மாட்டியிருந்த பிஎல்-259 கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஈரம். டேப்பின் ஓரம் வெயிலில் பிரிந்திருந்தது, கேபிளின் பின்னல் கம்பி ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையும் கருப்புமாக ஆகியிருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புது கனெக்டரை சால்டர் செய்து, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றினேன். பழைய எண் திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பேண்டுக்கும் பைபாஸ் எஸ்டபிள்யூஆர் என்ன என்று லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, மாதம் ஒரு முறையாவது சரிபார்க்கிறேன். 3:1-க்கு மேல் போகாத டியூனர் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. எதையும் சரிக்கட்டிவிடும் டியூனராக இருந்தால் ஆன்டெனா அறுந்து விழுந்தால்கூடத் தெரிய நாளாகும்.

லீனியர் (ரிக்கின் பவரைப் பெருக்கும் தனி ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களுக்கு: உள் டியூனர் லீனியரின் உள்ளீட்டை மட்டுமே பார்க்கும், ஆன்டெனாவை அல்ல. அதை பைபாஸில் விட்டுவிடுங்கள், லீனியருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் அந்தப் பவரைத் தாங்கும் டியூனர் வேண்டும். ஒரே கம்பியில் எல்லா பேண்டும் வேண்டும் என்றாலும் உள் டியூனரை எதிர்பார்க்காதீர்கள். கம்பியின் அடியிலேயே வைக்கும் ஆட்டோ டியூனருக்குச் செலவழிப்பது மேல். கோஆக்ஸில் இழப்பும் குறையும்.

டியூன் பட்டனை அழுத்தும் முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். 10 வாட்தான் என்றாலும், 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் தொடர்பு முறை) ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேரியர் (வெறும் தொடர் அலை) போட்டால் பலருடைய கியூஎஸ்ஓ, அதாவது தொடர்பு, கெடும். சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி, காலியான இடத்தில் டியூன் செய்துவிட்டுத் திரும்புங்கள். அந்தச் சின்ன தூரத்துக்கு அதே அமைப்பே செல்லும்.