.315 போல்ட் ரைபிள்: பல வருடம் வைத்திருந்த பிறகு சொல்வது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டை ஒட்டிய எங்கள் கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதியில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ள விவசாயிகள் வீட்டில் பெரும்பாலும் இருப்பது 12 போர் என்ற சிதறல் குண்டுத் துப்பாக்கிதான். ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ, தாத்தா காலத்துச் சாமான். என்னிடம் இருப்பது, ஒவ்வொரு தோட்டாவையும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் .315 (குழல் அளவு, அங்குலத்தில்) போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். காட்டுப்பன்றி சுடுவதற்கான பஞ்சாயத்துப் பட்டியலில் என் பேர் ஏறியதிலிருந்து, "அது குறி தப்பாம அடிக்குதுங்களா? காசுக்குத் தகுமா? நானும் ஒண்ணு வாங்கட்டுங்களா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை.

ஒரே வரியில் வேண்டுமென்றால் இதுதான்: ரைபிள் போதும், கவலைப்பட வேண்டியது தோட்டாவைப் பற்றி. மற்றதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே நம் நாட்டில் இடமில்லை. கேரளத்தில் 2022 மே மாதம் அரசு எடுத்த முடிவின்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வந்தது. அவர்கள் உத்தரவு கொடுத்தால் பட்டியலில் உள்ள லைசென்ஸ்காரர் சுடலாம். சுட்ட பன்றியைக் கணக்கில் ஏற்றிப் புதைக்க வேண்டும், கறிக்கு எடுக்கக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கதையே வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். பொள்ளாச்சி பக்கம் நிலக்கடலை போட்டிருக்கும் என் மச்சான், "மாப்ளே, ஒரு ராத்திரி இந்தப் பக்கம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பன்றிக்கு எல்லை இல்லை, என் லைசென்ஸுக்கு உண்டு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

லைசென்ஸ் வாங்கும்போதும் ரைபிளுக்கும் 12 போருக்கும் வித்தியாசம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, குழலுக்குள் சுழல்வரி இல்லாத (12 போர் அந்த வகை) துப்பாக்கி கேட்பவருக்கும், பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கும் கொஞ்சம் சலுகையான வழி வைத்திருக்கிறார்கள். ரைபிள் கேட்டால் காரணத்தை நன்றாகக் காட்ட வேண்டும். என் விண்ணப்பம் நகர்ந்த வேகத்தை எழுதினால் இந்தக் கட்டுரை அதற்கே சரியாகிவிடும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். இந்த .315 நம் நாட்டுக்கே உரிய ஒரு விசித்திரம். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் கையில் புழங்கக் கூடாது என்று .303 அளவைத் தடுத்துவைத்தார்கள். தனியாருக்கு வேறு அளவு வேண்டியிருந்தது. ஆஸ்திரிய ஹங்கேரிப் பட்டாளம் 1890 வாக்கில் கொண்டுவந்த 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா அந்த இடத்தைப் பிடித்தது. ஐரோப்பாவில் அது காட்சிப் பொருளாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நம் ஊரில் இன்னும் கடையில் கேட்டு வாங்குகிறோம். ரைபிளைச் செய்வது ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை. பட்டாளத்துக்கு லீ என்ஃபீல்டு ரைபிள் செய்த அதே இடம். 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி வாரியத்தை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது இஷாப்பூர் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போனது. உள்ளே இருக்கும் போல்ட் மட்டும் அதே லீ என்ஃபீல்டு வம்சம்தான்.

அந்த வம்சத்தின் நல்ல குணம் எல்லாம் இதில் இருக்கிறது. போல்டைக் கொஞ்சம்தான் தூக்க வேண்டும், 60 டிகிரி. பின்னால் பூட்டும் அமைப்பு என்பதால் இழுக்க வேண்டிய தூரமும் குறைவு. கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த ரவுண்டு ஏற்றிவிடலாம். போல்டை முன்னால் தள்ளும் கடைசி அங்குலத்தில் ஸ்பிரிங் எதிர்க்கும், பழகாதவர்கள் அங்கே தயங்குவார்கள். ட்ரிகர் இரண்டு கட்டம்: முதலில் லேசாக ஓடி, ஒரு இடத்தில் நின்று, பிறகு உடையும். இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இருட்டில் அந்த இரண்டாவது கட்டம் பெரிய ஆறுதல், விரல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எடை மூன்றரைக் கிலோவை ஒட்டி வரும். தோளில் உதை இருக்கிறது, ஆனால் 12 போர் பழகியவருக்குப் புதிதல்ல. பின்தட்டில் ரப்பர் போட்டுக்கொண்டால் அந்தப் பேச்சும் முடிந்தது.

இப்போது எல்லோரும் கேட்கும் குறி.

யூடியூபில் அமெரிக்கக்காரன் சவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் மாதிரி விலை மலிவான ரைபிளை வைத்து 100 கெஜத்தில் காசளவு இடத்தில் மூன்று குண்டு போட்டுக் காட்டுகிறான். அதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குண்டுகள் எவ்வளவு பரந்து விழுகின்றன என்பதை எம்.ஓ.ஏ என்ற கோண அளவில் சொல்வார்கள்; 1 எம்.ஓ.ஏ என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். அவர்கள் டெலஸ்கோப் வைத்து அந்த அளவைப் பேசுகிறார்கள். என்னுடையது மணல் மூட்டையில் சாய்த்து, ஒரே பாட்ச் தோட்டாவில் 5 ரவுண்டு போட்டால், 100 மீட்டரில் ஒன்பது பத்து சென்டிமீட்டருக்குள் விழுகிறது. அதாவது மூன்றரை எம்.ஓ.ஏ வாக்கில். 50 மீட்டரில் அதில் பாதி. உடலில் ஓட்டை போட்டு டெலஸ்கோப் வைக்கும் வசதியில்லாத, வெறும் கண்ணால் பார்க்கும் இலைச் சைட்டும் முன் முளையும் கொண்ட துப்பாக்கிக்கு இது மோசமில்லை. அந்தப் பத்து சென்டிமீட்டரில் பாதி என் கண்ணின் பங்கு என்று நினைக்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் பின் சைட், முன் முளை, இலக்கு மூன்றும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவதில்லை.

பன்றியின் நெஞ்சறை, முன்னங்காலுக்குப் பின்னால், ஒரு சாண் அகலம் வரும். எங்கள் தோப்பில் சுடும் தூரம் முப்பது முதல் அறுபது மீட்டர். கணக்குப் போட்டால் துப்பாக்கி தேவைக்கு மேலேயே துல்லியம் தருகிறது. குண்டு கனமானது, மூலத் தோட்டாவில் 244 கிரெயின் (சுமார் 16 கிராம்), வேகம் விநாடிக்கு 620 மீட்டர் அளவு. மெதுவான குண்டுதான். 100 மீட்டருக்குச் சைட் வைத்தால் 50 மீட்டரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே போகும், 150 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். 150 மீட்டரில் பன்றியைப் பார்த்துச் சுடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தத் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். வேறு எந்தத் துப்பாக்கியையும் கொடுக்காதீர்கள்.

நான் வாங்கியபோது குண்டு இலக்குக்கு மேலேயே போனது. முன்பு வைத்திருந்தவர் முன் முளையை அரம் போட்டுக் குறைத்திருந்தார். அதைக் குறைத்தால் அடி மேலே ஏறும். லைசென்ஸ் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் உயரமான முளை போட்டு, அனுமதி வாங்கி ரேஞ்சில் வைத்துச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு சைட்டைத் தொடவில்லை.

தொடவில்லை என்றாலும் ஆடி மாதத்தில் அடி இடம் மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றில் வீட்டுக்குள் உப்பே கசியும், மரக்கட்டை சும்மா இருக்குமா? ஈரத்தில் கட்டை ஊதி பேரலை ஒரு பக்கம் தள்ளுகிறது. லீ என்ஃபீல்டு வகை எல்லாவற்றிலும் குறி என்பது பாதி இரும்பில், பாதி மரம் உட்காரும் விதத்தில் இருக்கிறது. மழைக்கு முன்பு கட்டையின் உள்பக்கத்தில் ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டு, ட்ரிகர் முன்னால் உள்ள பெரிய திருகை இறுக்கிவிடுவேன். அந்தத் திருகு லேசாகத் தளர்ந்தாலே குண்டுகள் கண்டபடி சிதறும். "போன வருஷம் நல்லா அடிச்சுது, இப்ப கெட்டுப்போச்சு" என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தத் திருகைத்தான். மார்கழி, தை மாதத்தில் அடிக்கும் கிழக்குக் காற்று குறியை ஒன்றும் செய்யாது, இந்தத் தூரத்துக்கு அது பொருட்டே இல்லை. பன்றியின் மூக்குக்குத்தான் அது பொருட்டு. காற்றுக்கு எதிரே உட்காராவிட்டால் எந்த ரைபிளும் உதவாது.

இனி தோட்டா. இதில்தான் ரைபிளின் மலிவு கரைகிறது.

ஒரே பாட்ச் என்று மேலே அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு டப்பாவைக் கலந்து போட்டபோது அதே துப்பாக்கி 100 மீட்டரில் இரண்டு மடங்கு பரந்து அடித்தது, மையமும் ஒரு கை அளவு நகர்ந்தது. ஒரு கடையில் வாங்கிய டப்பா எங்கே எத்தனை மழைக்காலம் கிடந்ததோ, ஊசி அடித்தும் வெடிக்காத ரவுண்டுகள் வந்தன. ஒன்று சற்றுத் தாமதித்து வெடித்தது. ஊசி அடித்து வெடிக்கவில்லை என்றால் உடனே போல்டைத் திறக்காதீர்கள். குழலை மண்மேட்டைப் பார்த்துப் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுத்திருந்து திறவுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

விலையும் இருக்கிறது, கட்டுப்பாடும் இருக்கிறது. லைசென்ஸில் எழுதியிருக்கும் அளவுக்குமேல் தோட்டா வாங்க முடியாது. பழக வேண்டுமென்றால் சுட வேண்டும், சுட்டால் பன்றிக்கு வைத்த கணக்கு குறையும். வடக்கே .315 தோட்டாவுக்காகவே நாட்டுக் கைத்துப்பாக்கி செய்து பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருவதால், இந்த அளவுக்கு டீலர்களிடமும் அலுவலகங்களிலும் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நான் செய்வது: கிடைக்கும்போது ஒரே பாட்ச் எண்ணில் வாங்குவேன், அதில் ஐந்தை ரேஞ்சில் போட்டு அடி எங்கே விழுகிறது என்று பார்ப்பேன், மீதியை டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவைப்பேன். கைப்பழக்கத்துக்கு லைசென்ஸ் தேவைப்படாத .177 ஏர் ரைபிள் இருக்கிறது. மூச்சும் விரலும் அதிலேயே பழகிவிடும்.

சுட்ட அன்றே பேரலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுகிறேன். என்ன பாட்ச், என்ன மருந்து என்றெல்லாம் யோசிப்பதில்லை. இந்த ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டாலே துரு பிடிக்கும்.

இரவில் இதை வைத்து வேலை செய்வது எப்படி என்றும் கேட்கிறார்கள். பன்றி பெரும்பாலும் வருவது ராத்திரியில். தலை விளக்கைக் கட்டினால் பின் சைட் பளபளத்து முன் முளை தெரியாமல் போகும். முளையின் பின்பக்கம் வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன், விளக்கு பிடிப்பவர் என் பின்னால் நின்று, என் தோளுக்கு ஓர் அடி மேலே விளக்கைப் பிடிப்பார். அப்படியும் நாற்பது மீட்டருக்கு மேல் நான் நம்பிச் சுடுவதில்லை. அங்கே எல்லையைத் தீர்மானிப்பது விளக்கு, பேரல் கிடையாது.

அதைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. எங்கள் பூமி சமதளம். தென்னந்தோப்பு, அதன் நடுவில் வீடு, அடுத்த தோப்பு, அதன் நடுவில் கள் இறக்குபவர் குடிசை. 12 போரின் சிதறல் குண்டு சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். ரைபிள் குண்டு தடையில்லாமல் போனால் கிலோமீட்டர் கணக்கில் போகும். அதனால் பரணிலிருந்தோ உயர்ந்த கரையிலிருந்தோ கீழ்நோக்கி, பன்றிக்குப் பின்னால் மண் இருக்கிறதென்று கண்ணால் பார்த்த பிறகே சுடுகிறேன். வரப்பில் நின்று நேர்மட்டத்தில் சுடும் வாய்ப்பு எவ்வளவோ வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கிழங்கு போட்டவர் பக்கத்தில் நின்று "ஏனுங்க, விட்டுட்டீங்க" என்று பல்லைக் கடிப்பார். கடிக்கட்டும். நாய்களை விட்டு ஓட்டிச் சுடும் குழுக்களில் ரைபிளோடு நான் போவதே இல்லை, அங்கே 12 போர்தான் சரி. நிலம் முழுக்கச் சமதளம், நாலு பக்கமும் வீடு என்றால் ரைபிள் யோசனையையே விட்டுவிடுங்கள். நெல்லியாம்பதி அடிவாரம், வாளையார் பக்கம், முதலமடை மாந்தோப்புச் சரிவு மாதிரி மேடு பள்ளம் உள்ள இடத்துக்காரர்களுக்குத்தான் இது பொருந்தும்.

விலையைப் பற்றி. நான் கொடுத்தது பழைய துப்பாக்கிக்கு, ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் விலையில் பாதிகூட வராது. அதே நேரம் பி.ஆர்.என்.ஓ அல்லது மௌசர் மாதிரி ஒரு பழைய வெளிநாட்டு ரைபிள் கைமாறினால் பல லட்சம் பேசுகிறார்கள். 1980களின் நடுவிலிருந்து சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது என்பதால், அந்த விலை இரும்புக்கான விலை கிடையாது, தட்டுப்பாட்டுக்கான விலை. அந்த ரைபிள்கள் இதைவிட நன்றாக அடிக்கும், மறுக்கவில்லை. நாற்பது மீட்டரில், விளக்கு வெளிச்சத்தில், அந்த வித்தியாசம் பன்றிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இஷாப்பூரிலேயே .30-06 அளவிலும் ரைபிள் இருக்கிறது. அது இன்னும் நேராகப் பறக்கும், இன்னும் தூரம் போகும். எங்கள் ஊருக்கு அந்தத் தூரம் நன்மையா என்று எனக்குச் சந்தேகம்.

பழையது வாங்கப் போகிறவர்கள் போல்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் தோட்டா உட்காரும் ஆழத்தை மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பேரலை வெளிச்சத்தில் பிடித்து வரிகள் கூர்மையாக இருக்கிறதா, தோட்டா நுழையும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பூச்சு பளபளப்பாக இருந்து உள்ளே குழி விழுந்ததைவிட, வெளியே தேய்ந்து உள்ளே சுத்தமாக இருப்பது நல்லது. முன் முளையில் அரம் பட்ட அடையாளம் இருந்தால் விலையில் குறைத்துக் கேளுங்கள். இதெல்லாம் பார்ப்பதற்கு முன்பே உங்களுக்குப் பக்கத்து டீலரிடம் போய், .315 தோட்டா இருக்கிறதா, எந்த வருட பாட்ச், அடுத்தது எப்போது வரும் என்று கேட்டுவிடுங்கள். அவர் இழுத்துப் பேசினால் அந்த வருடம் வாங்க வேண்டாம்.