கன்ட்ரி கிட்டார்: சுட்டுவிரலை என்ன செய்வது?

அமெரிக்காவின் கன்ட்ரி இசையைக் கிட்டாரில் பழகி, கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை) தாண்டிப் போகிற எல்லாரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். வலது கையை எப்படி வைத்துக்கொள்வது? தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் மட்டுமா, பிக்கோடு விரல்களையும் சேர்க்கும் ஹைப்ரிட் பிக்கிங்கா, கட்டைவிரலில் மாட்டும் தம்ப் பிக்கா? வேகத்தை வைத்துத்தான் பலரும் ஒப்பிடுகிறார்கள். நான் சுட்டுவிரலைத்தான் பார்ப்பேன். பிக்கைப் பிடிக்க அதை விட்டுக்கொடுக்கிறோமா இல்லையா என்பதிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது.

வெறும் பிக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாற்றி மாற்றி அடிப்பது. இதில் பெரிய பெயர் டாக் வாட்சன். 1950களில் நடனங்களுக்கு வாசித்த அவரது இசைக்குழுவில் ஃபிடில் (வயலின்) வாசிப்பவர் இல்லாததால், ஃபிடில் மெட்டுகளைக் கிட்டாரிலேயே வாசிக்கப் பழகியவர். ஒற்றைத் தந்தி ஓட்டத்துக்கு இந்த முறை போதும். ஆனால் மூன்றாம் தந்தியையும் முதல் தந்தியையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பதை இடது கையால் அமுக்கிக்கொண்டு மூன்றையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். கன்ட்ரியிலோ இந்த ஜோடி ஸ்வரங்கள் அடிக்கடி வரும்.

ஹைப்ரிட்டில் அந்தச் சிக்கல் கிடையாது. மூன்றாம் தந்திக்குப் பிக், முதல் தந்திக்கு மோதிரவிரல். இரண்டும் ஒரே கணத்தில் வரும். டெலிகாஸ்டர் என்ற மின்கிட்டாரில் கேட்கும், கோழி கொக்கரிப்பது போன்ற ஒலியும் இந்தப் பிடியில் எளிதாக வரும். இடது விரலைச் சற்றுத் தளர்த்தி, பிக்கால் ஒரு செத்த 'டக்'. உடனே அழுத்திப் பிடித்து, நடுவிரலால் தந்தியை மேலே இழுத்து விட்டால் அது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கட்டையில்) மோதிச் 'சட்'டென்று வெடிக்கும். எல்விஸ் பிரெஸ்லிக்கு 1969 முதல் வாசித்த ஜேம்ஸ் பர்ட்டன் நடுவிரலில் ஒரு ஃபிங்கர் பிக்கையும் மாட்டிக்கொள்வார். வெறும் நகத்தோடு இழுத்து நகம் உடைந்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் பாணியில் ஸ்வரங்களை அடுத்தடுத்து மீட்டும் உருட்டல்களும் இதில் அழகாக உட்காரும். பிக், நடுவிரல், மோதிரவிரல்; மறுபடி அதே மூன்று; கடைசியில் பிக், நடுவிரல். மொத்தம் எட்டு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமைத் தேடுமுன் 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லிவிட்டு வாசியுங்கள், கை தானாக வரும். ஒரு தொல்லை: பிக்கின் ஒலி கனமாகவும் விரலின் ஒலி மெலிதாகவும் கேட்கும். ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் கம்ப்ரெசர் பெடல் அதை மூடி மறைத்துவிடும் என்பதால், பழகும்போது அதை அணைத்தே வையுங்கள்.

இனி தம்ப் பிக். சுட்டுவிரலுக்கு விடுதலை! கென்டக்கியின் மெர்ல் டிராவிஸ் கட்டைவிரலால் பேஸ் (கீழ்ஸ்தாயி) தந்திகளை மாற்றி மாற்றி அடித்தபடி, பெரும்பாலும் சுட்டுவிரல் ஒன்றாலேயே மெட்டை வாசித்தார். ரேடியோவில் அதைக் கேட்ட இன்னொரு கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுக்குக் கையைப் பார்க்க வழியில்லை. ஒரு விரலால் இது நடக்காது என்று எண்ணி, கூடுதல் விரல்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு பாணியை உண்டாக்கிக்கொண்டார். தப்பாகப் புரிந்துகொண்டதில் கிடைத்த லாபம்! துணைக்கு ஆளில்லாமல் ஒண்டியாக வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதற்கு ஈடு வேறில்லை. குறை, மேல்நோக்கிய அடி. தம்ப் பிக்கைத் தட்டை பிக் போல வேகமாக மேலே இழுப்பது பலருக்கும் லேசில் வராது.

பல வருடம் பிக் பிடித்த கை என்றால் ஹைப்ரிட்டுக்கே போங்கள் என்பேன். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். இதைச் சொன்னதும் யாராவது பிரென்ட் மேசனைக் காட்டுவார்கள். நாஷ்வில் ஸ்டுடியோக்களில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த அவர், டெலிகாஸ்டரில் தம்ப் பிக்கோடுதான் அந்தக் கொக்கரிப்பையும் மின்னல் ஓட்டத்தையும் எடுக்கிறார். சரிதான், என்னிடம் மறுப்பு இல்லை. அவரைப் பார்த்துத் தம்ப் பிக் வாங்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். இறுகினால் விரல் மரத்துப்போகும், தளர்ந்தால் பாட்டின் நடுவே சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் என்றால் வெந்நீரில் கொஞ்சம் போட்டு, விரலுக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம்.