கடலூரில் தோட்டம் போடப் போகிறீர்களா? கவரைக் கிழித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் வீடு. ராத்திரி ஊர் அடங்கினால் அலைச் சத்தம் கேட்கும், அவ்வளவு கிட்டம். 2022 ஆகஸ்டில் வாசல் தோட்டத்துக்காக ஒரு நர்சரிக்காரரிடம் 74,000 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணம் போன கதைதான் இது. கடை பெயரைப் போடவில்லை, வீட்டில் வம்பு வேண்டாம் என்கிறார்கள். பெயர் தெரிந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. இதே வேலையை இன்னும் நாலு பேர் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

நாங்கள் கேட்டது அதிகமில்லை. மாமியாருக்குப் பூஜைக்குப் பவளமல்லி. எனக்குச் செண்பகம். வீட்டுக்காரருக்கு அசோகம், அதாவது ஆரஞ்சும் சிவப்புமாகக் கிளையிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்குமே, அந்த சீதா அசோகம். மதிலோரம் மறைப்புக்கு ஒரு வேலிச்செடி.

ஆள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நாலு நடை நடந்தார். "மண்ணு சூப்பரா இருக்குக்கா, எது வெச்சாலும் வரும்" என்றார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். எங்களுடையது கடல் மணல். போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதில் எது வைத்தாலும் வரும் என்று ஒருவர் சொன்னால், அவருக்குச் செடி தெரியாது, இல்லை நாம் ஏமாளி என்று தெரிந்துவிட்டது. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி நாகலிங்கம் வைக்கலாம் என்றுகூடச் சொன்னார், "புதுச்சேரியோட மாநிலப் பூக்கா." அது உண்மைதான். பீரங்கிக் குண்டு மாதிரி காய் காய்க்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நல்லவேளை, அதை மட்டும் வேண்டாம் என்றேன்.

அசோகம் நாலு, கன்று 1,800 ரூபாய். பளபளவென்று இலை தொங்கிக்கொண்டு அழகாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் பக்கக் கிளை பெரிதாக விடாமல் கம்பம் மாதிரி நேராக ஏறியபோதுதான் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூட மதிலோரமெல்லாம் நிற்குமே, நெட்டிலிங்கம், அதேதான். போன் போட்டுக் கேட்டால், "இதுவும் அசோகாதானேக்கா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது. ஊரே அதை அசோகா என்றுதான் சொல்கிறது. அந்தப் பேருக்குள் போய் ஒளிந்துகொண்டார். பாதிரி மரத்தின் பேரையே ஊர்ப்பேராக வைத்துக்கொண்ட திருப்பாதிரிப்புலியூர் பக்கத்தில் இருந்துகொண்டு, மரத்தின் பேரிலேயே ஏமாந்தேன்.

அடையாளம் ரொம்பச் சுலபம், யாரும் சொல்லித் தராததுதான் பிரச்சினை. நெட்டிலிங்கத்துக்குத் தனித்தனி இலை, நீளமாக, ஓரம் அலையலையாக இருக்கும். பூ வெளிர்பச்சை, இலையோடு இலையாக இருப்பதால் பூத்ததே தெரியாது. நிஜ அசோகத்தில் ஒரே காம்பில் இலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். தளிர் வரும்போது செம்பு நிறத்தில் குஞ்சம் மாதிரி துவண்டு தொங்கும். வாங்கும்போது ஒரு காம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும்.

செண்பகம் ரெண்டு, ஒவ்வொன்றும் 1,500. "ஒட்டுக்கன்னுக்கா, அடுத்த வருஷமே பூக்கும்." பூக்கவில்லை. ஒட்டுக்கன்று என்றால் மண்ணுக்குச் சற்று மேலே தண்டில் ஒரு முடிச்சு, பட்டையின் நிறம் மாறும் ஒரு இடம் இருக்க வேண்டும். எங்கள் கன்றில் தண்டு அடியிலிருந்து நுனி வரை ஒரே வழவழப்பு. விதைக் கன்று. அது பூக்க ஏழெட்டு வருஷம்கூட ஆகும்.

வேலிக்கு வந்தது நாற்பது செடி. "பாரின் செடிக்கா, ஆடு தொடாது, வெயிலுக்கும் உப்புக்கும் அசையாது." நிஜமாகவே அசையவில்லை. அவர் வைத்ததிலேயே ஜம்மென்று வளர்ந்தது அது ஒன்றுதான், ஒரே வருஷத்தில் தலைக்கு மேல். பேர் கோனோகார்பஸ் என்று பிறகுதான் தெரிந்தது. மகரந்தத்தால் மூச்சுத் தொந்தரவு, வேர் போய்க் குழாயையும் கேபிளையும் கெடுக்கிறது என்று குஜராத்தில் 2023லேயே தடை செய்தார்கள். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசும் நடக்கூடாது, விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. எங்கள் வீட்டில் உத்தரவுக்கு முன்பே கழிவுநீர்க் குழாயின் மூட்டில் வேர் புகுந்து அடைத்துவிட்டது. பிளம்பர் உள்ளேயிருந்து இழுத்தெடுத்தது ஈரச் சடை மாதிரி ஒரு முழ நீளத்துக்கு வந்தது. அதற்குத் தனிச் செலவு.

இதெல்லாம் சில்லறை. முழு வண்டவாளமும் வெளியே வந்தது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டதே, அந்தப் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. விடிந்து பார்த்தால் நெட்டிலிங்கம் மூன்று, செண்பகம் ஒன்று மல்லாந்து கிடக்கின்றன. காற்றுக்கு மரம் விழுவது அதிசயமில்லை. ஆனால் ஒன்றுகூட முறியவில்லை, அப்படியே வேரோடு பெயர்ந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். வேர்ப் பந்தைச் சுற்றி கறுப்புப் பாலிதீன் கவர் இன்னும் இருக்கிறது! அடியில் மட்டும் பேருக்கு ஒரு கீறல். ரெண்டு வருஷத்துக்கு மேலாக வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே பிரிமணை மாதிரி சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. கையால் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

குழியையும் தோண்டிப் பார்த்தோம். ரெண்டு லோடு செம்மண் என்று காசு வாங்கியிருந்தார். மேலே அரை அடி செம்மண். அதற்குக் கீழே இடித்த வீட்டுச் செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, ஒரு உடைந்த டைல்ஸ்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பணம் வாங்குகிற வரைக்கும் "அக்கா." படம் போனதும் "மேடம், புயலுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" கவரைப் பற்றிக் கேட்டதற்கு, அது மண்ணில் தானாக மக்கிவிடும் என்று பதில். அதோடு நம்பரைத் தடுத்துவிட்டார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று விசாரித்தேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். ஆனால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். செடி வைத்தது 2022 ஆகஸ்ட், விஷயம் வெளுத்தது 2024 டிசம்பர். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கச் சொல்லலாம் என்றார்கள். சரி என்று பில்லை எடுத்தேன். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத துண்டுச் சீட்டு. அதில் எழுதியிருப்பது "மரம் 8, செடி 40, மண் 2." எந்த மரம் என்று ஒரு வார்த்தை இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு கன்றின் பேரும், ஒட்டா விதையா என்பதும் பில்லில் இருக்கட்டும். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். புகாருக்கு 1915 என்ற எண்ணும் இருக்கிறது, உடனே கூப்பிடுங்கள். என்னைப் போல் ஆறப்போடாதீர்கள்.

எதிர் வீட்டுப் பெரியம்மா வாசலில் ஒரு பூவரசு. 2011 தானே புயலையும் பார்த்தது, ஃபெஞ்சலையும் பார்த்தது. ரெண்டு கிளை போனதோடு சரி. அவர் சொன்னதைக் கேட்டபோதுதான், நிஜ அசோகமே வந்திருந்தாலும் எங்கள் வாசலில் உருப்பட்டிருக்காது என்று புரிந்தது. அதற்கு நிழலும் ஈரமும் வேண்டுமாம், உப்புக்காற்று ஆகாது. செண்பகமும் கடலோரத்துக்குச் சரிப்படாது. "கடலு பக்கத்துல புன்னையும் பூவரசும்தாம்மா நிக்கும், உனக்கு எதுக்கு அசோகவனம்?" என்று சிரித்தார். நல்ல நர்சரிக்காரர் என்றால் இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

செடிகளில் காகிதப்பூவும் அரளியும் உப்புக்குத் தாங்கும். அரளி முழுக்க விஷம் என்பதால், சின்னப் பிள்ளை வருகிற வீட்டில் எனக்கு மனசு வரவில்லை. இட்லிப்பூ ஆசையாக வைத்தேன். எங்கள் தண்ணீருக்கு நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளடித்துவிட்டது. நந்தியாவட்டை பரவாயில்லை, தினமும் நாலு பூ தருகிறது. பவளமல்லி பெரியம்மா வீட்டுக் கன்று, மாடிப்படிக்குப் பின்னால் காற்று மறைவில் நிற்கிறது. மாமியார் காலையில் கீழே துணி விரித்துப் பொறுக்குகிறார்.

கோனோகார்பஸை வெட்டிவிட்டோம், அடிக்கட்டையில் இன்னும் துளிர்க்கிறது, வாரா வாரம் கிள்ளுகிறேன். நெட்டிலிங்கம் விழுந்த இடத்தில் பெரியம்மா பூவரசிலிருந்து வெட்டித் தந்த போத்து ரெண்டு நட்டிருக்கிறோம். ஒன்றில் இலை வந்துவிட்டது.

போன வாரம் ஈசிஆரில் பஸ்ஸில் போகும்போது அந்த நர்சரிக்காரருடைய டாட்டா ஏஸ் முன்னால் போனது. பின்னால் வரிசையாக நெட்டிலிங்கக் கன்று, கறுப்புக் கவரோடு ஆடிக்கொண்டு. யார் வீட்டு அசோகமோ.