ஒல்லி உடம்பில் ஒட்டிக்கொண்ட தொப்பை: இன்னும் இளைப்பதா, தசையைக் கூட்டுவதா?

என் உயரம் 170 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண், 20 வருகிறது. எந்த மருத்துவரும் குறை சொல்லமாட்டார். ஆனால் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றால் குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் தொப்புளைச் சுற்றி மட்டும் ஒரு மேடு. தையல்காரரின் அளவு நாடாவை அதன் மேல் சுற்றிப் பார்த்தேன்: 86 சென்டிமீட்டர். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது எளிய அளவுகோல். என் உயரத்தில் பாதி 85. “உனக்கெல்லாம் என்ன தொப்பை?” என்று நண்பர்கள் சிரித்தபோது நாடாவைத்தான் சாட்சிக்கு அழைத்தேன்.

பி.எம்.ஐ. இப்படி ஏமாற்றும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு படமே உண்டு. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் அருகருகே நின்று படம் எடுத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22 சொச்சம். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பி.எம்.ஐ. கணக்குக்கு இருவரும் ஒன்றுதான்.

இந்த நிலையில் இருப்பவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: சாப்பாட்டைக் குறைத்து இன்னும் இளைப்பது, அல்லது எடையை அப்படியே வைத்துக்கொண்டு பளு தூக்கித் தசையைக் கூட்டுவது. மற்றவற்றைப் பின்னால் பார்ப்போம்.

முதல் வழியில்தான் நான் முதலில் போனேன். காலை உணவைக் கைவிட்டேன், இரவு உணவைப் பாதியாக்கினேன். நான்கு மாதத்தில் 54 கிலோ. கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் “உடம்புக்கு என்ன?” என்று கேட்டார்கள். நாடா 83 காட்டியது. மேடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது, போகவில்லை. முகத்திலும் தோளிலும் இருந்த கொஞ்சநஞ்சம்தான் முதலில் காலியாகியிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. கொழுப்புச் செல்களின் மேல் அட்ரினலின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் இரண்டு விதம். பீட்டா வகை, “கொழுப்பை அவிழ்த்து விடு” என்று சொல்லும். ஆல்ஃபா-2 வகை, “பிடித்து வை” என்று சொல்லும். அடிவயிற்றின் தோலடிக் கொழுப்பிலும், பெண்களுக்கு இடுப்பு, தொடைப் பகுதிகளிலும் இரண்டாவது வகையின் கை ஓங்கியிருக்கிறது. ரத்த ஓட்டமும் அங்கே மந்தம். எனவே உடல் தன் கஜானாவைத் திறக்கும்போது இந்த அறைக்குக் கடைசியில்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் பட்டினியால் அந்த அறை வரை போய்ச் சேர்வதற்குள் வீட்டில் மற்ற சாமான்கள் எல்லாம் போய்விடும்.

கணக்காகவே பார்க்கலாம். 60 கிலோ எடை, 24 சதவீதம் கொழுப்பு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு 14.4 கிலோ, மற்றவை 45.6 கிலோ. அவர் உடற்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்து 6 கிலோ இழக்கிறார், அதில் 4 கிலோ கொழுப்பு, 2 கிலோ தசை முதலானவை என்று வைத்துக்கொள்வோம். 54 கிலோவில் 10.4 கிலோ கொழுப்பு, அதாவது 19 சதவீதம். இன்னொருவர் அதே 60 கிலோவிலேயே நின்று 3 கிலோ கொழுப்பை இழந்து 3 கிலோ தசையைச் சேர்க்கிறார். அவருக்கும் 19 சதவீதம்தான். சதவீதத்தில் இருவரும் சமம். முதலாமவரிடம் கொழுப்பல்லாத உடம்பு 43.6 கிலோ, இரண்டாமவரிடம் 48.6. சட்டைக்குள் தெரிகிற வித்தியாசம் இந்த ஐந்து கிலோதான். முன்னவருக்குத் தோளும் மார்பும் சுருங்கியதால் வயிறு முன்னைப் போலவே துருத்தித் தெரியும். பின்னவருக்குத் தோள் விரிந்ததால் அதே வயிறு உள்ளே போனது போல இருக்கும்.

இளைத்தபின் வருவது இன்னும் மோசம். 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினிப் பரிசோதனையில், பருமன் இல்லாத, ஆரோக்கியமான 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால் பங்கு போயிற்று. மீண்டும் தாராளமாகச் சாப்பிடத் தொடங்கியபோது கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பியது, பழைய அளவையும் தாண்டியது. தசை மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. நான் கிடந்த பட்டினி அதன் முன் ஒன்றுமில்லை. ஆனாலும் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான். ஐந்தே மாதத்தில் திரும்ப 58 கிலோ. நாடா 87.

இப்போது இரண்டாவது வழி. பளு தூக்கிப் பழக்கமே இல்லாத உடம்புக்கு ஒரு சலுகை உண்டு: தசை கூடுவதும் கொழுப்பு குறைவதும் ஒரே சமயத்தில் நடக்கும். பல வருடம் பயிற்சி செய்தவருக்கு அந்தச் சலுகை வெகுவாகக் குறைந்துவிடும். ஒல்லித் தொப்பைக்காரர்கள் பெரும்பாலும் முதல் வகை. வாய்ப்பு கையில் இருக்கும்போது பட்டினி கிடந்து அதை வீணாக்குவானேன்?

சாப்பாட்டில் பெரிய வெட்டு வேண்டாம். எடை ஏறவும் இறங்கவும் செய்யாத அளவு, அல்லது அதைவிட 200 கலோரி குறைவு போதும். புரதத்தில் மட்டும் கறார் வேண்டும். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஒரு அலசல், பளுப் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் வரை பலன் தெரிகிறது, அதற்கு மேல் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை என்று கண்டது. 58 கிலோவுக்கு 93 கிராம். முதல் வாரம் எழுதிக் கணக்கிட்டபோது நான் 45-ஐத் தாண்டவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

பயிற்சி வாரம் மூன்று நாள். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து பளு எடுப்பது, மார்புக்கு முன் தள்ளுவது, முதுகுக்கு இழுப்பது, தலைக்கு மேல் உயர்த்துவது. இந்த ஐந்துதான். இதில் முக்கியம் பட்டியல் இல்லை, ஏற்றம். என் நோட்டில் முதல் நாள் தரையிலிருந்து எடுத்தது 30 கிலோ, எட்டு முறை. அடுத்த முறை ஒன்பது, பிறகு பத்து. பத்து சுத்தமாக வந்ததும் இரண்டரைக் கிலோ கூட்டி மறுபடி எட்டு. பதினோராம் மாதம் 75 கிலோ. நான் சேர்ந்த இடத்தில் பயிற்சியாளர் முதல் மாதம் முழுக்க என்னை ஓடுபொறியிலும் வயிற்றுப் பயிற்சியிலுமே வைத்திருந்தார். தொப்பை என்று யார் சொன்னாலும் அவர் தயாராக வைத்திருந்த பதில் அது. அந்த மாதம் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

இந்த வழியின் குறை, பொறுமையைச் சோதிப்பது. மூன்று மாதம் எடைக் கருவி ஒரே எண்ணில் நிற்கும். அதை மட்டும் நம்புகிறவர் கைவிட்டுவிடுவார். முதல் வழி வாரா வாரம் ஒரு எண்ணைக் குறைத்துக் காட்டி மகிழ்விக்கும். அதுதான் அதன் கவர்ச்சி.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு: முதலில் நன்றாகச் சாப்பிட்டு எடையை ஏற்று, தசை வந்தபின் இளைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பி.எம்.ஐ. 18.5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ளவருக்கு இது சரியான ஆலோசனை. அவரிடம் தசை கட்ட மூலப்பொருளே இல்லை. ஆனால் ஏற்கெனவே வயிற்றில் மேடு உள்ளவர் தாராளமாகச் சாப்பிட்டால் முதலில் நிறைவது மேடுதான். இரண்டாம் மாதமே மனம் தளர்ந்து பட்டினிக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டம், வேக நடை, சைக்கிள் ஆகியவற்றை நான் போட்டியாளராகவே பார்க்கவில்லை, துணையாள்தான். கல்லீரலையும் குடலையும் சூழ்ந்திருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு, தோலடிக் கொழுப்பைவிட ஆபத்தானது, ஆனால் உடற்பயிற்சிக்கு எளிதில் மசிவது. அதற்கு நடையும் ஓட்டமும் நல்லவை. தோளை அகலமாக்க அவற்றால் ஆகாது.

வயிற்றுப் பயிற்சி பற்றி இரண்டு வரி போதும். 1984-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 27 நாளில் மொத்தம் 5,004 முறை படுத்து எழவைத்தார்கள். வயிற்றுக் கொழுப்புச் செல்கள் சுருங்கியது உடம்பின் மற்ற இடங்களைவிட அதிகமாக இல்லை. அடியில் உள்ள தசை வலுப்படும், நல்லதுதான். மேலே உள்ள போர்வை அப்படியே இருக்கும்.

சிகிச்சை முறைகளுக்கு வருவோம். உறையவைத்துக் கொழுப்புச் செல்லை அழிக்கும் குளிர் சிகிச்சையை வயிற்றுப் பகுதிக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் அனுமதித்தது. சிகிச்சை பெற்ற இடத்தில் கொழுப்பு அடுக்கின் தடிமன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். அரிதாக, அதே இடத்தில் கொழுப்பு கெட்டியாக வளர்ந்துவிடும் எதிர்விளைவும் உண்டு. உறிஞ்சி எடுக்கும் லிபோசக்‌ஷன் அறுவை சிகிச்சை என்பதை மறந்துவிட்டு அழகு நிலைய வேலை போலப் பேசுகிறார்கள். பருமன் இல்லாத பெண்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த கொழுப்பு ஒரு வருடத்தில் மொத்த அளவில் திரும்பிவிட்டது. தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றில் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் வந்த மற்றோர் ஆய்வு, சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு உள்ளுறுப்புக் கொழுப்பு கூடியதையும், செய்தவர்களுக்கு அது தடுக்கப்பட்டதையும் காட்டியது. ஆக, பணம் கட்டினாலும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால், மேடு கொழுப்புதானா என்று பார்ப்பது நல்லது. காலையில் தட்டையாக இருந்து மாலையில் உப்பினால் அது பெரும்பாலும் வாயு அல்லது மலச்சிக்கல். எந்தப் பளுவும் அதைத் தீர்க்காது. கீழ் முதுகு வளைந்து இடுப்பு முன்னால் சாய்ந்து நிற்பவருக்குக் கொழுப்பே இல்லாவிட்டாலும் வயிறு துருத்தும். பிரசவத்துக்குப் பின் நடு வயிற்றில் இரு தசைப் பட்டைகளும் விலகி நிற்பது தனி விஷயம். அதற்கு இயன்முறை மருத்துவர் வேண்டும். படுத்து எழும் பயிற்சிகளை அவர் பார்க்கும்வரை தள்ளிப்போடலாம். விரலால் கிள்ளினால் தடித்த மடிப்பாக வருவதுதான் தோலடிக் கொழுப்பு.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2010-இல் வெளியான சிறிய ஆய்வில், ஒரே அளவு கலோரிக் குறைப்பில் இருந்தவர்களே எட்டரை மணி நேரம் படுத்த இரு வாரத்தில் 1.4 கிலோ கொழுப்பை இழந்தார்கள். ஐந்தரை மணி நேரம் படுத்த இரு வாரத்தில் 0.6 கிலோதான். மீதியைத் தசை முதலானவற்றிலிருந்து உடல் எடுத்துக்கொண்டது.

பட்டினி வழி யாருக்குமே பொருந்தாதா என்றால், பொருந்தும். சில வருடம் பளு தூக்கித் தசை சேர்த்து, கடைசி ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் மிச்சம் உள்ளவருக்கு அதுதான் வழி. அதுவும் வாரத்துக்கு எடையில் அரை சதவீதத்துக்கு மேல் இறங்காமல், பயிற்சியை விடாமல். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, எப்போதும் குளிர் எடுத்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடல் மின்சாரத்தைத் துண்டிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

என் நோட்டில் இரண்டு பத்திகள் இருக்கின்றன. எடைப் பத்தி 58-இல் தொடங்கிப் பதினோராம் மாதம் 59.5-இல் நிற்கிறது. பக்கத்துப் பத்தி 87-இல் தொடங்கி 80-இல் நிற்கிறது. கிள்ளினால் இன்னமும் ஒரு மடிப்பு வருகிறது. அதைத் துரத்திக்கொண்டு 54-க்குப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த திங்கட்கிழமை தரையிலிருந்து 77.5 கிலோ எடுக்க வேண்டியிருக்கிறது.